அலுமினியத்தில் போட்ட கோலம்

இரும்புலியூர், தாம்பரம்
23-1-1992

அன்பும் அறிவும் (இரண்டாவது மரியாதைக்குச் சேர்த்தது) நிறைந்த சவுரி அண்ணனுக்கு,

அருமைத் தங்கை அருள்மேரி எழுதும் கடிதம். கடிதம் என்றாலே முதல் பாதி கடிதான், பொறுத்துக்கொள். இங்கே அப்பா, அம்மா, அப்பாவின் வார்ப்புப் பட்டறை உலை மூவரும் வழக்கமான சூட்டில் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் குளிரில் உன் தலையில் மிச்சமிருக்கும் முடி நலமா? கொட்டினால் கொட்டட்டும். பெயரிலேயே சவுரி வைத்திருப்பவனை வழுக்கை என்ன செய்துவிடும்?

பொங்கல் லீவில் அப்பாவும் அம்மாவும் செங்கல்பட்டுக் கல்யாணத்துக்குப் போன அன்று, நீ திருட்டுத்தனமாக உலை மூட்டி வார்த்தாயே ஆறு அலுமினியக் கட்டைகள், அவற்றைக் காலேஜில் சோதித்தாகிவிட்டதா? சோதித்திருந்தால் என்ன சொன்னார்கள்? அவசரமே இல்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

அம்மா உனக்கு நாலு அடுக்கு டிபன் காரியர் வாங்கிவிட்டாள். "ப்ராஜெக்ட் பாஸானா மறைமலை நகர் கம்பெனில வேலை, தாம்பரத்துலேருந்தே போய் வரலாம்னு சொல்லிகீறான்" என்று தெரு முழுக்கச் செய்தி வாசித்தாயிற்று. நீ ஃபெயிலானால் காரியரை எனக்குத் தருவாளா என்று கேட்டேன். முதுகில் தந்தாள்.

கட்டைகள் விஷயம் மறக்காதே.

பிளஸ் ஒன் மாணவி,
அருள்மேரி


கோயம்புத்தூர் ஹாஸ்டல்
29-1-1992

மேரி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

ஆறு கட்டைகளும் போயின. இழுத்துப் பார்க்கும் மெஷினில் மாட்டினால் வெறும் அலுமினியம் தாங்கும் பளுவில் பாதியைக்கூடத் தாங்காமல் பட் பட்டென்று உடைகின்றன. உடைந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே முழுக்க ஓட்டை. என் ப்ராஜெக்ட் கைடு ராஜகோபால் சார் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இத டீல தொட்டுச் சாப்பிடலாம் போலிருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கே தப்பு என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். நான் செய்தது சாதாரணக் காரியம். உடைந்த லாரி பிஸ்டன்களை உருக்கி, அதில் சிலிக்கான் கார்பைடு பொடி பத்துக்கு ஒரு பங்கு. சாணைக்கல்லில் இருக்கும் அதே சரக்கு. இது எப்படிப் பலம் தரும் என்று அன்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. நம் பீச்–தாம்பரம் ரயிலை நினைத்துக்கொள். வெறும் கூட்டம் என்றால் பின்னால் ஒருவன் தள்ளினால் வரிசை வரிசையாக அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். பளு ஏறினால் உலோகமும் உள்ளுக்குள் இப்படித்தான் வழுக்கும். அங்கங்கே ஒரு மீன்கார அம்மா கூடையோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தால்? எவன் தள்ளியும் கூட்டம் நகராது. பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு மீன்கார அம்மா. ஆனால் எல்லாரும் ஒரே மூலையில் உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்தால் அந்த மூலையில்தான் விரிசல் பிடிக்கும்.

என் பொடி கட்டி தட்டியிருக்க வேண்டும். அல்லது ஈரம் இருந்திருக்க வேண்டும், ஊற்றும்போது கொப்புளித்தது ஞாபகம் இருக்கிறது. அல்லது எனக்கு இந்தப் படிப்பு வரவில்லை. மார்ச் 20க்குள் நல்ல கட்டையும் ரிசல்ட்டும் காட்டாவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும். மறைமலை நகரில் அதுவரை நாற்காலியைத் துடைத்து வைத்திருக்க மாட்டார்கள்.

சவுரிமுத்து


இரும்புலியூர்
3-2-1992

அண்ணா,

இந்தக் கடிதத்தில் கடி இல்லை. நீ உட்கார்ந்து படி. சாப்பிட்டுவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

உனக்குப் படிப்பு வருகிறது. பொடியில் ஈரம் இல்லை. பொடியே இல்லை.

பொடி இருந்த அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை வேதப் புத்தகம் மாதிரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாய் அல்லவா, அதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. எதிர்வீட்டு அங்காளம்மா அக்காவிடம் கோலப்பொடி கேட்டேன். "இன்னா பாப்பா, சர்ச்சு வாசல்ல கோலம் போடப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே அரைப்படி தந்தார்கள். அதில் கரியைப் பொடித்துக் கலந்தேன். அசல் உன் பொடி நிறம். பாட்டிலில் அதை நிரப்பிவிட்டு, உன்னுடையதை வேறு டப்பாவில் ஒளித்துவைத்தேன்.

நீ மூடியைத் திறந்ததும் கண்டுபிடிப்பாய், நான் கைதட்டிச் சிரிப்பேன், அவ்வளவுதான் திட்டம். ஆனால் உலைப் புகைக்கு நீ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாய். என்னையும் அப்பா வருகிறாரா பார் என்று தெருமுனையில் காவலுக்கு நிறுத்திவிட்டாய். எனக்குப் பயம் வந்து ஓடி வந்தபோது நீ ஊற்றி முடித்து, இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாய். நீ ஆடி நான் பார்த்ததே இல்லை. எப்படிச் சொல்வது?

அது வெள்ளைக்கல் பொடி. சுட்டால் காற்று கிளம்புமாமே, எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் கேட்டேன். அதுதான் ஓட்டை.

உன் நிஜப் பொடி மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. நான் அழுதேன் என்று எழுதினால் நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

மேரி


(தபால் கார்டு)
7-2-1992

அருள்மேரிக்கு,
என் உலோகத்தில் நீ போட்ட கோலத்தால் என் நாலு வருஷம் போனது. அப்பாவுக்குத் தெரியாமல் உலை மூட்டிப் பொடி போட்டது என் தப்பு. உன்னை வீட்டில் வைத்துக்கொண்டு செய்தது அதைவிடப் பெரிய தப்பு. இனி எனக்கு எழுதாதே.
சவுரிமுத்து


இரும்புலியூர்
12-2-1992

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியாத காரியத்தை நீயே செய்துவிட்டாய். இவ்வளவு படித்தவன், ரகசியத்தை யாராவது தபால் கார்டில் எழுதுவார்களா? போஸ்ட்மேன் படித்தார். அவர் "சார், உங்க புள்ள கோலம் எல்லாம் போடறானா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா கையில் கொடுத்தார். அப்பா படித்தார்.

நான் பொடியை மாற்றியதற்குத்தான் அடி விழும் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அது அவர் காதிலேயே ஏறவில்லை.

"இன்னாது! உருக்குன அலுமினியத்துல பொடிய போட்டானா? என் மூசையிலயா? முப்பது வருசமா ஒரு குருண மண்ணு உள்ள வுயாம பாத்துக்கினு கீறேன். கண்ணுக்குத் தெரியாத மண்ணு வுயுந்தாக்கூட வார்ப்ப என் மூஞ்சிலயே வுட்டெறிஞ்சிட்டுப் பூடுவான் கஸ்டமரு. இவன் காசு குடுத்து மண்ணு வாங்கியாந்து உள்ள போடறானா? இதுக்குப் பேரு படிப்பா?"

"மண்ணு வுயுந்தா அடி, மண்ணு போட்டா டிகிரி நைனா" என்றேன். தேவையா எனக்கு? மூசை என்றால் வெறும் உருக்கும் பானை இல்லையாம், கோவில் பாத்திரம் மாதிரியாம். இனிமேல் உலைப் பக்கம் நீயும் நானும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. தலைவைத்துப் படுத்தால் முடியே மிஞ்சாது என்று சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 20க்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உனக்கு அங்கே லீவு கிடையாது. பொடி இங்கே. உலை இங்கே. நான் இங்கே. கெடுத்தவளே வார்த்துத் தருகிறேன். எப்படி என்று மட்டும் எழுது. திட்டியே எழுது. ஆனால் கவருக்குள் போட்டு எழுது.

மேரி


கோயம்புத்தூர்
18-2-1992

மேரி,

ராஜகோபால் சாரிடம் உண்மையைச் சொன்னேன். சாருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வெளியிலே வார்த்துக் கொண்டுவரலாம், யார் வார்த்தார்கள் என்று மறைக்கக் கூடாது என்றார்.

இரண்டரை கிலோ பிஸ்டன் துண்டு, கால் கிலோ பொடி. உன்னிடம் அரைக்கிலோ இருக்க வேண்டும், அதாவது இரண்டு தடவைக்கு. மூன்றாவது தடவை இல்லை. இதோடு மெக்னீசியம் நாடா வைத்திருக்கிறேன். சாக்லெட் ஜரிகைத் தாளில் சுற்றி, இடுக்கியால் உருகிய உலோகத்தின் அடியில் அழுத்து. மேலே விட்டால் எரிந்துபோகும். அது சேர்ந்தால்தான் உலோகம் பொடியோடு ஒட்டும். இல்லாவிட்டால் சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் மாதிரி உருண்டு விலகும். பிறகு கிண்டிக்கொண்டே பொடியைப் போடு.

செருப்புப் போடு. அப்பாவின் தோல் ஏப்ரனைக் கட்டு. அப்பா பக்கத்தில் இல்லாமல் உலையைத் தொடாதே. அவரைச் சம்மதிக்க வைப்பது உன் பாடு.

உன் மேல் கோபம் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சவுரிமுத்து


இரும்புலியூர்
2-3-1992

கோபம் போகாத அண்ணனுக்கு,

பாதி கோபத்தை அங்கேயே வைத்துக்கொள், மீதிக்கு இந்தக் கடிதம்.

அப்பா எட்டு நாள் முடியாது என்றார். ஒன்பதாம் நாள், "என் கண்ணு எதிர்ல செய்யக் கூடாது" என்றார். அதாவது உலைக்கு முதுகைக் காட்டி ஸ்டூல் போட்டுப் பேப்பர் படிப்பாராம், நான் செய்தால் அவருக்குத் தெரியாதாம். பேப்பர் தலைகீழாக இருந்தது.

முதல் தடவை நீ எழுதியபடியே. நாடாவை அழுத்தினேன். கிண்டிக்கொண்டே பொடியைக் கொட்டினேன். அது உள்ளே போனால்தானே! கறுப்புப் பாலாடை மாதிரி மேலே மிதந்தது. அழுத்தினால் உருண்டை உருண்டையாகக் கட்டி. அப்பா முதுகைத் திருப்பாமலே, "கிண்டற சத்தமே சரியில்ல" என்றார். ஊற்றி, ஆறவைத்து, உடைத்தோம். மீன்கார அம்மாக்கள் அத்தனை பேரும் ஒரே மூலையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள்.

கால் கிலோ போயிற்று. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பட்டறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, ரவைய வறுக்காம கொட்டுனா கட்டி தட்டாம இன்னா பண்ணும்?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணா, உன் காலேஜில் எத்தனை வாத்தியார்? ஒருவர்கூட உப்புமா கிண்டியதில்லையா?

மறுநாள் பொடியை இரும்புச் சட்டியில் போட்டு உலை வாயிலேயே வைத்து, சட்டி சிவக்கும்வரை ஒரு மணி நேரம் வறுத்தேன். சூட்டோடு எடுத்தேன். கம்பியைக் கையில் எடுத்ததும் அப்பாவின் ஸ்டூல் கிரீச்சென்றது. "இங்க குடு. கைய ஒடிச்சிக்கப் போற. நீ தூவு, நான் கிண்டறேன்." அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுவென்று திட்டிக்கொண்டே கிண்டினார். அவர் தலையை ஆட்டும்போதெல்லாம் நான் ஒரு கரண்டி தூவினேன். இந்தத் தடவை மேலே ஒன்றும் மிதக்கவில்லை. எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கட்டைகளை லேத்தில் கடைசல் பிடிக்கக் குரோம்பேட்டை குப்புராஜ் அண்ணனிடம் கொடுத்தேன். சாயந்தரமே சைக்கிளில் வந்து வாசலில் நின்று கத்தினார். "பாப்பா, நைனா எங்க? அலுமினியம்னு சொல்லிட்டு இன்னாத்த ஊத்திக் குடுத்துகீறாரு? ரெண்டு டூலு மொக்கையாப் பூடுச்சு! மூணாவது டூல வுட்டா அதுவும் பல்லக் காட்டுது! பேஜாராக்கீது!"

தெருவே வேடிக்கை பார்த்தது. நான் ஓடிப்போய் அவர் சைக்கிள் பெல்லைப் பத்துத் தடவை அடித்தேன். பாவம், பைத்தியம் என்று நினைத்திருப்பார். அப்பா மட்டும் ஒரு கட்டையை எடுத்து அரத்தால் ராவிப் பார்த்தார். அரம் வழுக்கியது. இன்னொரு தடவை ராவினார். குப்புராஜ் அண்ணனுக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

ஆறு கட்டைகளும் பார்சலில் வருகின்றன. கோலம் கலக்கவில்லை.

மேரி


கோயம்புத்தூர்
24-3-1992

அன்புள்ள மேரிக்கு,

(ஆமாம், "அன்புள்ள" போட்டிருக்கிறேன். பெரிதுபடுத்தாதே.)

சாதா பிஸ்டன் உலோகத்தைவிடக் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தேய்மானம் பாதிக்கும் கீழே. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், கூடைக்கார அம்மாக்கள் ஒவ்வொருத்தரும் அவரவர் இடத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜகோபால் சார் லென்ஸை விட்டு நகரவே இல்லை. பின்னால் வரிசையே நின்றது.

கெட்ட செய்தி இனிமேல்தான். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "வார்த்தது யார்?" என்று கேட்டார். தங்கை தூவினாள், அப்பா கிண்டினார் என்றேன். "அப்ப டிகிரிய அவங்களுக்குக் குடுத்துடலாமா?" என்றார். ஏப்ரல் 7ஆம் தேதி காலேஜ் உலையில் அவர் கண் எதிரே நானே வார்க்க வேண்டும். பொடி காலேஜில் தருவார்கள். அது சரியாக வந்தால் பாஸ்.

இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன். வறுத்தேன், நாடா போட்டேன், கிண்டினேன், கரண்டி கரண்டியாகத் தூவினேன். இரண்டு தடவையும் கட்டி. வேகமாகப் போட்டால் மிதக்கிறது. மெதுவாகப் போட்டால் பாதியிலேயே உலோகம் ஆறிக் கூழாகிவிடுகிறது. இங்கே புத்தகத்தில் இருப்பது எல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் கையில் ஏதோ தெரிந்திருக்கிறது. உன் கடிதத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. என்ன அது? எவ்வளவு நேரத்துக்கு ஒரு கரண்டி?

உடனே எழுது.

சவுரி


இரும்புலியூர்
28-3-1992

அண்ணா,

உன் கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டி, எவ்வளவு நேரத்துக்கு ஒரு கரண்டி என்று கேட்டேன். "நேரமா? உலைகிட்ட எவன் வாட்ச்சு கட்டுவான்? செபம் சொல்லிக்கினே கிண்டுனேன், அவ்ளோதான்" என்றார்.

அண்ணா, அன்று அவர் முணுமுணுத்தது திட்டு இல்லை. "அருள் நிறைந்த மரியே" செபம்! மூசை இறக்குவதற்கு, அச்சு ஆறுவதற்கு, எல்லாவற்றுக்கும் அவருக்கு ஜெபமாலைக் கணக்குதானாம். தாத்தா காலத்திலிருந்து அப்படியாம். ஒரு செபம் முடிந்ததும் தலையை ஆட்டுவார், நான் தூவுவேன். பத்து செபம், பத்துக் கரண்டி, கால் கிலோ காலி. ஒரு பத்து முடிந்ததும் கம்பியை எடுத்து உடனே ஊற்றிவிட வேண்டும்.

கிண்டும்போது நடுவில் பள்ளம் விழ வேண்டும், தண்ணீர்ச் சுழி மாதிரி. பொடியைப் பள்ளத்துக்குள் கொட்டாதே, அதன் ஓரத்தில் தூவு. செபத்தை மனதுக்குள் சொன்னால் வேகம் கூடிவிடும், வாய்விட்டுச் சொல்லு என்கிறார். கோவிலில் சொல்கிற நிதானத்தில். பரீட்சைக்கு முன்னால் நீ சொல்கிற வேகத்தில் வேண்டாம்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். எக்ஸாமினர் முன்னால் நீ சத்தமாகச் செபம் சொல்லி மானம் போவதைக் கற்பனை செய்து, நான் இங்கே விழுந்து விழுந்து சிரிப்பதாக நினைப்பாய். போன மாதம் என்றால் நிச்சயம் அதைத்தான் செய்திருப்பேன். இது நிஜம் என்று அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர் கையெழுத்தை ரேங்க் கார்டில் ஏழாம் வகுப்பிலிருந்து எவள் போடுகிறாள் என்று உனக்கே தெரியும்.

அதனால் சாட்சி எதுவும் இதோடு அனுப்பவில்லை. நம்பினால் நம்பு.

மேரி


கோயம்புத்தூர்
9-4-1992

அன்புள்ள மேரி,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். ஆறு தடவை கிழித்துப்போடலாம் என்று தோன்றியது.

ஒத்திகை பார்க்கப் பொடி மிச்சமில்லை. நேராக ஏழாம் தேதிதான். உலையைச் சுற்றி எக்ஸாமினர், ராஜகோபால் சார், வேடிக்கை பார்க்க நாற்பது பேர். நாடாவை அழுத்தினேன். சிவக்கச் சிவக்க வறுத்த பொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கரண்டியைப் பிடிக்க ஜூனியர் ஒருவன். கிண்ட ஆரம்பித்ததும் பள்ளம் விழுந்தது. இனி வாயைத் திறக்க வேண்டும். என் வாழ்க்கையில் உன்னை நம்பி நான் செய்த காரியங்களை அந்த நிமிஷத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட உருப்பட்டதில்லை.

திறந்தேன். "அருள் நிறைந்த மரியே வாழ்க..."

பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். எக்ஸாமினர், "மார்க்குக்கு இப்பவே வேண்டிக்கிறாரா?" என்றார். நான் நிறுத்தவில்லை. கோவில் நிதானம். ஒன்று முடிந்தது, தலையை ஆட்டினேன், அவன் தூவினான். மூன்றாவதில் சிரிப்பு நின்றது. ஐந்தாவதில் எக்ஸாமினர் மூசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார், பொடி சுவடே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பத்து முடிந்தது. ஊற்றினேன்.

நேற்று அறுத்து, தேய்த்து, லென்ஸில் வைத்தார்கள். எக்ஸாமினர் கையெழுத்துப் போட்டார். பாஸ். மறைமலை நகருக்கு ஜூலை ஒன்றாம் தேதி வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அம்மாவிடம் நீயே சொல், அந்தச் சந்தோஷம் உனக்கு.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். ரிப்போர்ட்டில் பொடி போட்ட வேகத்தை எழுத வேண்டும், "ஒரு மரியேவுக்கு ஒரு கரண்டி" என்று எழுத யூனிவர்சிட்டி விடாது. ராஜகோபால் சார் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்குச் செபம் தெரியாது, வரி வரியாக நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு எக்ஸாமினரும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் நின்று, கண்ணை வாட்ச்சில் வைத்து, சத்தமாக, ஒன்றாக, நிதானமாக ஐந்து தடவை சொல்லி, சராசரி எடுத்தோம்.

பதினாலு விநாடி. நைனாவிடம் சொல்.

உன்,
சவுரி அண்ணன்